துரைசாணியின் சுற்றளவு

பாடலீஸ்வரர் சந்நிதியில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ததாகவே வைத்துக்கொள்ளலாம்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டிச் சொன்னது எதுவும் கிடையாது. குறைத்துச் சொன்னது கொஞ்சம் உண்டு. நடந்ததை நடந்த அளவிலேயே சொன்னால் கடலூர்க்காரர்களே நம்ப மாட்டார்கள்.

1963-ஆம் வருஷம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பட்டம்மாள் தையல் டீச்சராக இருந்தாள். இருந்தாள் என்பதும் முழுக்கச் சரியில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவளை வேலையைவிட்டு நீக்கி ஒரு காகிதம் வரும். ஜூனில் மறுபடி சேர்த்துக்கொண்டு இன்னொரு காகிதம் வரும். இப்படிப் பதினோரு வருஷம். நடுவில் வரும் மே மாதத்தை நெல்லிக்குப்பத்தில் அண்ணன் வீட்டில் கழிப்பாள். அங்கே அண்ணி வேலம்மாள் தினமும் காலையில், "இந்த வாட்டியாச்சும் கூப்புடுவாங்களா?" என்று கேட்பாள். சர்க்கரை ஆலைச் சங்கு ஊதுவதும் அந்தக் கேள்வி வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். சங்காவது சில நாள் ரிப்பேராகிவிடும்.

அந்த ஜூனில் வந்த காகிதத்தில் ஒரு புதுச் சமாச்சாரம் இருந்தது. தையல் வகுப்பு இனிமேல் தையல் வகுப்பு அல்ல, 'உடை வடிவமைப்பு'. பத்தாம் வகுப்பு மாணவிகள் நாற்பது பேர் இதைப் படித்து, நவம்பர் மாதம் அண்ணாமலை நகரில் செய்முறைத் தேர்வு கொடுக்க வேண்டும். நாற்பது பேரும் தேறினால் பட்டம்மாளின் வேலை நிரந்தரம். ஒருத்தி தவறினாலும் பாடத்தை மூடிவிடுவார்கள். பட்டம்மாள் நெல்லிக்குப்பத்துக்கே போய்விடலாம், பன்னிரண்டு மாதமும்.

"துணி தைக்கிறதுக்கு டிசைன்னு பேரு வெச்சா, துணி தானா தைச்சுக்குமா?" என்று பட்டம்மாள் தலைமையாசிரியை ஞானாம்பாளிடம் கேட்டாள்.

"கேள்வி கேக்காதீங்க பட்டம்மா. கேள்வி கேட்ட டீச்சருங்க யாரும் இந்த இஸ்கூல்ல பெர்மனென்ட் ஆனதில்ல."

பாடத்துக்கென்று சென்னையிலிருந்து ஒரு தனி அதிகாரி வந்தார். பெயர் தில்லைநாதன். வெளிநாட்டில் ஆறு மாதம் உடையைப் பற்றிப் படித்தவர். அங்கே குளிருக்குப் போட்ட கம்பளிக் கோட்டைக் கழற்றினால் படித்ததும் அதோடு போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ, கடலூர் வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. வழிந்த வேர்வையில் வகுப்பறைத் தரை வழுக்கியது. ஆயா இரண்டு தடவை துடைத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை வாளியைக் கொண்டுவந்து அவர் நாற்காலிக்கு அடியிலேயே வைத்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் வாளி நிரம்பியது. ஊசிக்குக்கூட நூல் கோக்கத் தெரியாத மனுஷன், எத்தனை வாளி படித்திருக்கிறார் என்று பட்டம்மாள் நினைத்துக்கொண்டாள்.

அவரோடு ரயிலில் ஒரு பொம்மையும் வந்தது. தலையிலிருந்து இடுப்பு வரை ஒரு வெள்ளைக்காரப் பெண், கை கிடையாது, இடுப்புக்குக் கீழே ஒற்றைக் கட்டை. டிக்கெட் பரிசோதகர் அவளிடம் டிக்கெட் கேட்டாராம். மூன்று முறை கேட்டும் பதில் வராததால், வெள்ளைக்காரியிடம் நமக்கென்ன வம்பு என்று வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டார். மாணவிகள் அவளுக்குத் துரைசாணி என்று பெயர் வைத்தார்கள்.

"இனிமே யார் உடம்பையும் அளக்கக் கூடாது," என்றார் தில்லைநாதன். "உடம்பு ஆளுக்கு ஆள் மாறும். அது விஞ்ஞானம் இல்ல. இந்தப் பொம்மைதான் அளவு. சுற்றளவு முப்பத்து நாலு அங்குலம். நாற்பது பேரும் இதுக்குத்தான் ஜாக்கெட் தைக்கணும். பரிட்சையில இதுமேல போட்டு, ஊக்கு மாட்டிப் பார்ப்பேன்."

தேவனாம்பட்டினத்துக் கட்டுமரக்காரர் மகள் அஞ்சம்மாள் எழுந்து நின்றாள். "சார், இந்தம்மாவுக்குக் கையே இல்லியே. ஜாக்கெட்டுக்குக் கை எப்பிடி வெக்கிறது?"

"கற்பனை பண்ணிக்கணும். அதுக்குத்தான் டிசைன்னு பேரு."

கடலூர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வளர்கிற பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்தால், இரண்டு பக்கத் தையலுக்கும் உள்ளே ஓரத்துக்கு இரண்டு அங்குலம் துணியை விட்டு மடித்துத்தான் தைப்பார்கள். பெண் பெருக்கப் பெருக்கத் தையலைப் பிரித்து வெளியே விட்டுக்கொண்டே போவார்கள். ஒரு ஜாக்கெட் ஏழாம் வகுப்பில் தொடங்கிக் கல்யாணம் வரை வரும். கெட்டிக்காரத் தாய்மார்கள் பிள்ளைப்பேறு வரை கொண்டுபோனதும் உண்டு. பட்டம்மாள் தைத்துக் காட்டிய மாதிரி ஜாக்கெட்டைத் தில்லைநாதன் உள்பக்கம் திருப்பிப் பார்த்து, மீன் செதிலைத் தொட்டவர்போலக் கையை உதறினார்.

"இது என்ன மூட்டை?"

"வளர்ற பொண்ணுக்கு வுடுறதுங்க சார்."

"இந்தப் பொம்மை வளருமா?"

பட்டம்மாள் ஜாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அரை அங்குலம். அதுக்கு மேல உள்ள இருந்தா நாட்டுப்புறத்தனம். எவ ஜாக்கெட்ல இருந்தாலும் ஃபெயில். எல்லாத்தையும் வெட்டியாச்சு, அரை அங்குலம்தான் இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அறிக்கை பொய்யா இருந்தா, ஏப்ரல் வரைக்கும்கூட நீங்க காத்திருக்க வேணாம்."

துணியை வீணடிக்கச் சொல்கிற ஒருவனுக்கு உடை அதிகாரி என்று பெயர் வைத்த அரசாங்கத்தைப் பட்டம்மாள் மனசுக்குள் என்னென்னவோ சொல்லித் திட்டினாள். ஆனால் பேனாவைத் திறந்தபோது, மைக்கூட்டுக்குள்ளிருந்து வேலம்மாள் எட்டிப் பார்த்து, "இந்த வாட்டியாச்சும்?" என்றாள். பட்டம்மாள் கையெழுத்துப் போட்டாள். மறுநாளே, அதே மாதிரியில் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் உள்துணியை வெட்டிவிட்டுத் தைத்துவரும்படி நாற்பது பேருக்கும் சொன்னாள். அதைச் சொன்ன வாயை அன்று மூன்று தடவை கொப்பளித்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பதினெட்டு நாள் விடவில்லை. கரும்பலகையில் காளான் முளைத்தது. சாக்பீஸை எடுத்தால் வெண்டைக்காய்போல வளைந்தது. தையல் வகுப்புக் கூரை ஒழுகி, ஒழுகிய தண்ணீர் முழுவதும் துரைசாணியின் தலைமேலேயே இறங்கியது. பன்னிரண்டாம் நாள் அஞ்சம்மாள் வந்து நின்றாள்.

"டீச்சர், தொரசாணி ஊறிப்போச்சு."

"என்னாடி ஒளர்ற?"

"மெய்யாலுந்தான். எங்கப்பாரு கட்டுமரமும் இப்பிடித்தான். கரைக்கு இழுக்காம தண்ணியிலயே கெடந்தா ஊறிப் பெருத்துடும். அப்பறம் கட்ட அவுத்து வெயில்ல போடுவாங்க. இந்தம்மாவ எங்க அவுக்கறது?"

பட்டம்மாள் நாடாவைச் சுற்றிப் பார்த்தாள். முப்பத்தாறு. அதிலிருந்து மூன்றாம் நாள் முப்பத்தெட்டு. துரைசாணியின் முகமும் உப்பி, கண் இரண்டும் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல ஆகிவிட்டது. உடனே சென்னைக்குக் கடிதம் போட்டாள். தில்லைநாதனிடமிருந்து டைப் அடித்த பதில் வந்தது: 'பொம்மை பெருக்காது. அது நிலையான அளவு. மழையில் தங்கள் அளவுநாடா சுருங்கியிருக்கும். நாடாவை இஸ்திரி போடவும்.'

இஸ்திரி போட்டார்கள். துரைசாணி நாற்பதுக்குப் போனாள்.

தேர்வன்று காலை அவளை அறையிலிருந்து வெளியே எடுக்க முடியாமல், ஆசாரியைக் கூப்பிட்டு நிலைப்படியைச் செதுக்கினார்கள். மானமாக இருக்கட்டும் என்று ஞானாம்பாள் தன் பழைய புடவை ஒன்றைச் சுற்றிவிட்டாள். நாற்பது பெண்களும் பட்டம்மாளும் துரைசாணியும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார்கள். ரெண்டு பேர் இடத்தை அடைக்கிறாள் என்று கண்டக்டர் அவளுக்கு ஒன்றரை டிக்கெட் கிழித்தார். புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு அம்மாள் துரைசாணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தினி மாசம்மா?"

துரைசாணி பேசவில்லை.

"அவுங்க வாய் பேச மாட்டாங்க," என்றாள் பட்டம்மாள்.

"ஐயோ பாவம், இந்த நெலமையில தனியா அனுப்பிச்சிருக்கான் பாரு புருசன்," என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த புளியை அவிழ்த்து, துரைசாணி பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அண்ணாமலை நகரில் தேர்வு நடக்கும் மண்டபத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில் பெண்களை உட்காரவைத்துப் பட்டம்மாள் பேசினாள். "ஊக்கு மாட்டலைன்னா யாரும் அழக் கூடாது. தப்பு உங்க மேல இல்ல. முப்பத்து நாலுக்குத் தைச்சத நாப்பதுக்குப் போட முடியாது. உள்ள துணி இருந்தா நான் உங்களக் கரையேத்தியிருப்பேன். நாந்தான் வெட்டச் சொல்லிட்டேன்."

அஞ்சம்மாள் தரையைப் பார்த்தபடி எழுந்தாள். "டீச்சர், அடிக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் வெட்டல."

"என்னாத்த?"

"உள்துணிய. எங்கம்மா வுடல. 'நல்ல துணிய வெட்டித் தூரப் போடச் சொல்றாளே, உங்க டீச்சரு எந்த ஊருல பொறந்தா, பரிட்சை முடிஞ்சா இத உங்கக்கா போடுமில்ல'ன்னு கத்துச்சு. உள்ளயே மடிச்சு வெச்சித் தைச்சிட்டேன்."

"நீ மட்டுமா?"

நாற்பது தலைகளும் குனிந்தன.

பட்டம்மாள் கையெழுத்துப் போட்ட அறிக்கை தில்லைநாதனின் கோட்டுப் பையில் இருக்கிறது. உள்ளே நாற்பது ஜாக்கெட்டில் நாற்பது பொய். அதற்குள் அஞ்சம்மாள் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். "ஓரத்துக்கு ஒன்றரை அங்குலம் வெளிய வுட்டா, நாலு ஓரத்துக்கு ஆறு. முப்பத்து நாலும் ஆறும் நாப்பது. டீச்சர், பிளேடு எல்லார் டப்பாவுலயும் இருக்குது."

அரை மணி நேரம் தாழ்வாரம் முழுக்க நூல் அறுபடும் சத்தம்தான். நாற்பது பேர் ஒரே நேரத்தில் பிரித்துத் தைத்த காற்றில், தாழ்வாரத்துக் கொடியில் கிடந்த ஈரத் துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

உள்ளே தில்லைநாதன், முதலில் தான் சென்னையில் தைத்து வாங்கிவந்த மாதிரி ஜாக்கெட்டைத் துரைசாணிக்குப் போட்டுக் காட்டினார். சுத்தமான அரை அங்குலம். முதல் ஊக்கை இழுத்து மாட்டினார். இரண்டாவதை மாட்ட, முழங்காலைத் துரைசாணியின் விலாவில் ஊன்றினார். மூன்றாவது ஊக்குக்குப் போனபோது முதல் இரண்டும் பிய்த்துக்கொண்டு பறந்தன. ஒன்று சுவர்க் கடிகாரத்தை நிறுத்திவிட்டது. இன்னொன்று அவர் கோட்டுப் பித்தானைத் தெறிக்கவிட்டு, ஆறு மாதமாக மூடியிருந்ததைத் திறந்தது. உள்ளே சட்டை இல்லை.

"துணி மட்டம்," என்றார் தில்லைநாதன், கோட்டைப் பிடித்துக்கொண்டு.

பிறகு நாற்பது பேரும் வரிசையாக வந்தார்கள். நாற்பது ஜாக்கெட்டும் துரைசாணிக்குத் தோல்போலப் பொருந்தின. ஊக்குகள் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டன. தில்லைநாதனின் முகம் சுருங்கியது. அஞ்சம்மாளின் ஜாக்கெட்டைப் பிடுங்கி உள்பக்கம் திருப்பித் தன் சொந்த நாடாவை வைத்தார்.

அரை அங்குலம்.

அடுத்ததைத் திருப்பினார். அரை அங்குலம். நாற்பதையும் திருப்பினார். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

"எழுதிக் குடுத்தபடியேதான் சார் இருக்குது," என்றாள் பட்டம்மாள்.

தில்லைநாதன் நாடாவைத் துரைசாணிமேல் சுற்றிப் பார்த்தார். "முப்பத்து நாலுக்குத் தைச்சது இதுல எப்படிச் சேரும்? இது இப்ப நாற்பது இருக்கு."

"நாப்பதா? பொம்மை பெருக்காதுன்னு நீங்கதான சார் எழுதுனீங்க, காயிதம்கூட வெச்சிருக்கேன். உங்க நாடா சுருங்கியிருக்கும். இஸ்திரி போட்டுப் பாருங்க."

தில்லைநாதன் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். பிறகு நாற்பது பேருக்கும் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு கை கோட்டைப் பிடித்திருந்ததால் கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

அடுத்த ஏப்ரலில் நீக்கல் காகிதம் வரவில்லை, நிரந்தரம் என்ற காகிதம் வந்தது. போக வேண்டிய அவசியமே இல்லாதபோதும் பட்டம்மாள் மே மாதம் நெல்லிக்குப்பத்துக்குப் போனாள். காலையில் சங்கு ஊதியது. வேலம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து, "காப்பி குடிக்கிறியா?" என்றாள். பட்டம்மாள் மெதுவாக யோசித்து, "ஆறட்டும்," என்றாள். அதற்காகத்தான் போயிருந்தாள்.

துரைசாணி இன்றும் அந்தப் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் நிற்கிறாள், யார் வேண்டுமானாலும் போய்த் தட்டிப் பார்க்கலாம். அவள் வார்ப்பிரும்பு.