எண்ணெய் பூசிய ராட்டை

பெண் பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே ராட்டை மக்கர் செய்தது. சக்கரம் சுற்றியது; நூலை முறுக்கும் கதிர் அசையவில்லை. பெண் கைப்பிடியை இன்னும் வேகமாகச் சுற்றினாள். கதிர் ஒப்புக்கு அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. விரலிடுக்கில் இருந்த பஞ்சு முறுக்கேறாமல் பிய்ந்து விழுந்தது.

"காலையில நல்லாத்தான் ஓடுச்சு" என்றாள் பெண்ணின் அம்மா.

பொய்யில்லை. அதற்குப் பிறகுதான், வருகிறவர்கள் கண்ணுக்குப் பளபளவென்று இருக்கட்டுமே என்று அவள் ராட்டைக்கு எண்ணெய் பூசினாள். அச்சிலும் கதிரின் முனையிலும் ஒரு சொட்டு விட்டால் போதும். அவளோ சக்கரத்தின் விளிம்பு, கதிரை இழுக்கும் கயிறு என்று ஒன்று விடாமல் தேய்த்துவிட்டாள். கயிறு வழுக்கியது.

மாப்பிள்ளை கூடத்தின் நடுவில், அந்த வீட்டின் ஒரே நல்ல நாற்காலியில் இருந்தான். மனைவி இறந்து வருஷம் திரும்பவில்லை. போட்டிருந்த சட்டை அவள் எடுத்துக் கொடுத்தது. அம்மா கிளம்பு என்றாள், கிளம்பி வந்திருந்தான்.

பெண் கைப்பிடியை விட்டாள். உள்ளறைப் பக்கம் திரும்பி, "அண்ணி, கொஞ்சம் வாங்களேன்" என்றாள்.

அவள் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

வந்தவள், செத்துப்போன அண்ணனின் மனைவி. கையில் கந்தல் துணியும் ஒரு பிடி சாம்பலும் இருந்தன. சத்தத்தை வைத்தே உள்ளிருந்து கண்டுபிடித்திருக்கிறாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விளிம்பைத் துடைத்தாள். கயிற்றை அழுந்தத் துடைத்துச் சாம்பல் தடவினாள். கதிர் நிற்கும் கட்டையை மயிரிழை தள்ளிக் கயிற்றை விறைப்பாக்கினாள்.

"இப்ப மெதுவா சுத்தும்மா."

கதிர் ரீங்காரமிட்டது. நூல் நீண்டது.

மாப்பிள்ளையின் அம்மா நூலைப் பார்க்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. புருஷன் போனவ, நல்ல காரியம் பேசற இடத்துல..." என்று இழுத்தாள்.

முடிக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணி ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தாள், பழகின நடை.

அவனுக்குக் காது மடல் சுட்டது. உட்கார்ந்திருந்த நாற்காலியும் சுட்டது. எழுந்தான்.

"அந்த ரூம்ல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

"எதுக்குங்க?" என்றாள் பெண்ணின் அம்மா.

"பொண்டாட்டி போனவன் நான். நடுக்கூடத்துல உட்காந்திருக்கேனே."

அவன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மானத்த வாங்காதடா."

"இங்க வந்து உட்காந்தப்பவே போயிடுச்சும்மா."

அண்ணி கதவோரம் ஒதுங்கி நின்றாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். ஜன்னல் இல்லாத அறை. கதவை ஒட்டிப் பாய். உட்கார்ந்தால் தலை சாயும் உயரத்தில், சுவரில் ஒரு எண்ணெய்க் கறை. ஒரு நாளில் படிந்ததல்ல. பாயில் உட்கார்ந்து, அந்தக் கறையின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டான்.

கூடத்தில் ராட்டை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெண் சுற்றுவதை நிறுத்தவே இல்லை.