பூசணிக்காய்க்குப் பின்னணி இசை

எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் பாய் வளர்த்த பூசணிக்காயின் அளவைப் பற்றி நான் மிகைப்படுத்தப் போவதில்லை. அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒருநாள் மாலை அதன்மேல் சாய்ந்தபடி கண்ணயர்ந்தேன். விழித்தபோது கீழே இறங்க ஏணி தேவைப்பட்டது. அவ்வளவுதான் சொல்வேன்.

பாய் எங்கள் எதிர்வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். நெஞ்சுவரை தாடி, தாடிக்கு மேல் எப்போதும் ஒரு சிரிப்பு. உடைந்த குளியல் தொட்டி ஒன்றை மாடிக்கு ஏற்றி, மண் கொட்டி, ஒரே ஒரு விதையைப் போட்டார். கொடி தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்து, துணிக்கயிற்றில் ஏறி, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் சட்டை ஒன்றைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. காய் ஒன்றுதான் பிடித்தது. வேலை முடிந்து வந்தால் பாய் வீட்டுக்குள் நுழையமாட்டார். நேரே மாடிக்குப் போய்க் காயை இரண்டு தட்டுத் தட்டி, “என்னப்பா, இன்னிக்கு எப்படி இருக்கே?” என்று விசாரிப்பார்.

“கல்யாணமான நாள்ல இருந்து என்னை ஒருநாள் இப்படிக் கேட்டிருப்பாரா?” என்று அவர் மனைவி என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நகரக் காய்கறிக் கண்காட்சி. அங்கே மேடையில் ஏற்றிக் காட்டிவிட்டு, மேடையிலேயே வெட்டி, எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுப்பதாகப் பாய் சொல்லியிருந்தார். செயலாளர் காம்புப் பக்கத்துத் துண்டுக்கு முதலிலேயே சொல்லிவைத்தார். எங்கள் வீட்டில் இருக்கும் என் மாமியார், தொண்ணூறைத் தாண்டியவர், தன் தலையளவுக்கு ஒரு துண்டு வேண்டும் என்று சொல்லி, பாயைக் கூப்பிட்டுத் தலையைக் காட்டியும் அனுப்பினார்.

இந்தச் சேதி எப்படியோ ஒரு செய்திச் சேனலுக்குப் போய், கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். காயைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். பாய் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, தொட்டிமண் பதம், தண்ணீர் ஊற்றும் நேரம் எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் கட்டடமே எங்கள் வீட்டு டிவி முன்னால் கூடியது.

திரையில் பாயின் முகம் வந்தது. மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பியது. பின்னணியில் ஒரு சத்தம்: டொக்... டொக்... டொக். யாரோ வருகிறார், நமக்காகத்தான் வருகிறார் என்று சொல்லும் சத்தம். செய்தி வாசித்தவர் சொன்னது இவ்வளவுதான்: “இவர் தன் மொட்டைமாடியில் ஒரு பெரிய பூசணிக்காய் வளர்த்திருக்கிறார்.” டொக். கேமரா பூசணிக்காயை நெருங்கியது. டொக். இன்னும் நெருங்கியது. டொக்.

பாயின் மனைவி மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க... அதுக்குள்ள என்னங்க இருக்கு?”

“விதை” என்றார் பாய்.

அவர் சொன்னவிதம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் டிவி இன்னும் டொக் டொக் என்று ஒலித்துக்கொண்டிருந்ததால் நானே நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

மறுநாள் செயலாளருக்குத் திடீரென்று பூசணிக்காய் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. மூன்றாம் மாடி முழுவதற்கும் ஒரே நேரத்தில் வயிறு சரியில்லை. சொல்லிவைத்த துண்டுகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சீருடைக்காரர் ஒருவர் வந்து காயில் காது வைத்துக் கேட்டு, உள்ளே டிக் டிக் என்கிறது என்றார். அது அவர் கைக்கடிகாரம். அப்படியும் திருப்தி வராமல் கடிகாரத்தைக் கழற்றிச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுத்தான் படியிறங்கினார். பிறகு கண்காட்சிக்காரர்களின் தொலைபேசி: “கூட்டம் வர்ற இடம் பாருங்க... காய் ரொம்பப் பெருசா வேற இருக்கு... இந்த வருசம் வேண்டாமே.”

“விடுங்கண்ணே” என்றார் பாய் என்னிடம். “சனிக்கிழமை லீவு. வெட்டி உரமாக்கிடறேன். மண்ணுக்காவது ஆகட்டும்.”

அன்று அவர் மாடிக்குப் போய்க் காயைத் தட்டவில்லை. நேரே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அதே செய்தி மறுபடி ஓடியது. என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இது எங்கம்மா நடையில்ல?”

சற்று விளக்க வேண்டும். நான் வானொலி நாடகங்களுக்குச் சத்தம் கொடுத்துப் பிழைத்தவன். குதிரை, மழை, கப்பல் கவிழ்வது, கள்ளக்காதலன் ஜன்னல் வழியாகக் குதிப்பது, எல்லாம் நான்தான். ஒரு கொலைகாரன் படியிறங்கும் காட்சிக்கு எத்தனையோ பேரை இறங்கவைத்துப் பார்த்தோம், ஒருவருக்கும் அமையவில்லை. கடைசியில் என் மாமியார் கட்டைச் செருப்போடு வானொலி நிலையத்து மரப்படியில் இறங்கினார். ஒரே தடவைதான். ஒலிப்பதிவுக்காரர் அன்றே வேறு வேலைக்கு மாற்றல் கேட்டார். அந்தப் பதிவுகள் கைமாறிக் கைமாறி இந்தச் சேனலுக்குப் போயிருக்கின்றன.

காலையில் சேனலுக்குக் கிளம்பிப் போனேன். ஒலியறையில் கொட்டாவியோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டார்.

“பழைய குதிரையெல்லாம் நீங்கதானா? உக்காருங்க சார். நான் எதையும் தேடிப் போடறதில்ல. இங்க ஆளுக்கு ஒரு சத்தம்னு எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. முஸ்லிம்னா உங்க மாமியார்.”

“என்ன செய்திக்கு?”

“எந்தச் செய்திக்கும். ஒருத்தர் சைக்கிள் பந்தயத்துல ஜெயிச்சார், அதுக்கும் உங்க மாமியார்தான்.”

பிறகு எனக்காக அதே பூசணிக்காய்ப் படத்தை ஓட்டி, மற்றச் சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். இந்துச் சாமியார்களுக்கு வைத்திருந்த புல்லாங்குழலைப் போட்டதும் காய் ஞானம் பெற்றதுபோல் ஆகிவிட்டது. எந்த வழக்கில் பிடிபட்டாலும் சாமியாருக்கு அதே குழல்தானாம். அது என் வீட்டுக் கெட்டில் விசில். பாதிரியாருக்கான மணியைப் போட்டார். பூசணிக்காய் அனாதையாகி, யாராவது தத்தெடுக்கமாட்டார்களா என்றிருந்தது. அந்த மணி, டம்ளரில் தட்டிய கரண்டி. சீக்கியருக்கான மேளத்தைப் போட்டதும் காய் எந்த நிமிடமும் எழுந்து ஆடிவிடும்போல் தோன்றியது. அது என் பிளாஸ்டிக் வாளி. புத்த பிக்குவுக்குச் சொட்டும் தண்ணீர். எங்கள் குளியலறைக் குழாய் அது, இன்றைக்கும் மூடாது.

ஊரின் மதங்கள் எல்லாம் என் வீட்டு அடுப்படியில் இருந்து கிளம்பியவை என்பதை அன்றுதான் அறிந்தேன். அவ்வளவாகப் பெருமைப்படவில்லை. கொஞ்சம் பட்டேன்.

“இதை மாத்த முடியாதாம்மா?”

“செய்தி ஆசிரியர் சொல்லணும். அவர் சொல்லமாட்டார்.”

ஆசிரியர் சொல்லவில்லை. “நாங்க ஒரு வார்த்தை தப்பா பேசலையே சார்” என்றார். நான், சத்தத்துக்குச் சொந்தக்காரரையே அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அப்ப என் துண்டு?”

“கிடைக்காது போலிருக்கு.”

“செருப்ப எடு.”

மறுநாள் சேனல் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. மாமியார் அதற்குள் கால் வைக்க மறுத்தார். “பெட்டிக்குள்ள படுத்துப் போறதுக்கே எனக்கு இன்னும் நாள் இருக்கு. நின்னுட்டு வேற போகணுமா?” பழைய கட்டடம், மரப்படி. ஏறத் தொடங்கினார்.

டொக்.

மேலே செய்தியறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

டொக்... டொக்.

வருடக்கணக்காகத் தினமும் அந்தச் சத்தத்தை ஊருக்குப் போட்டவர்கள். அதுவே தங்களைத் தேடிப் படியேறி வரும் என்று ஒருநாளும் நினைத்திருக்கமாட்டார்கள். ஒருவர் மேசைக்கடியில் போனார். இன்னொருவர் வீட்டுக்குத் தொலைபேசி போட்டு, எல்லோரையும் நன்றாகப் படிக்கச் சொல்லிவிட்டு அழுதார். நேரலையில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தவர் வரைபடத்துக்குப் பின்னால் மறைந்தார். அன்றைய மழையை ஊர் தானாகத்தான் கண்டுபிடித்துக்கொண்டது.

கதவு திறந்தது. உள்ளே வந்தது என் இடுப்புயரக் கிழவி.

“யாருப்பா இங்க பெரியவன்?”

ஆசிரியர் எழுந்து நின்றார். தானாகவே கைகட்டிக்கொண்டார்.

“என் காலடியத் தூக்கி அந்தப் புள்ள தலையில ஏம்பா போட்டே?”

“அம்மா, நாங்க ஒரு வார்த்தைகூடத் தப்பா...”

“வார்த்தைய யாரு கேட்டா? எனக்குக் கண்ணு மங்கல். டிவிய நான் காதாலதான் பாக்கறேன். இந்த ஊர்ல முஸ்லிம் எல்லாரும் விடிஞ்சா எழுந்து படியிறங்கிட்டே இருக்காங்கன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன். பாவம், முட்டி என்னத்துக்கு ஆகும்னு கவலைப்பட்டேன்.”

ஒலியறை அம்மாள் ஒரு பொத்தானை அழுத்தினார். பெரிய திரையில் ஒரு மனிதர் வந்தார். டொக். சிரித்தார். டொக். கையில் கத்தி. டொக். சுற்றிலும் குழந்தைகள்.

ஆசிரியர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். “யாரு இவன்?”

“நீங்கதான் சார். உங்க பிறந்தநாள். கேக் வெட்டறீங்க.”

ஆசிரியர் திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். “போலீசுக்குச் சொல்லியாச்சா?” என்று மட்டும் கேட்டார். பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

அன்று மாலை அதே படத்தைச் சத்தம் எதுவும் சேர்க்காமல் மறுபடி போட்டார்கள். மாடிக்காற்று கேட்டது. துணி படபடப்பது கேட்டது. பாய் காயைத் தட்டி, “என்னப்பா, எப்படி இருக்கே?” என்பது கேட்டது. அவர் சிரிப்பது கேட்டது. முதல் தடவை அந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடி மொத்தமும் அங்கேயே குணமாயிற்று. கண்காட்சிக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, முன்பு பேசியது யாரோ வேறு ஆள் என்றார்கள். குரல் அதே குரல்தான்.

சனிக்கிழமை பாய் அரிவாளைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுக் காயை லிஃப்டில் ஏற்றினார். லிஃப்டிலிருந்த பெண்குரல் “எடை அதிகம், எடை அதிகம்” என்று அலறியது. பாய் பலகையைத் திறந்து ஏதோ செய்தார். பிறகு அது “நன்றி” என்றது. அவர் அதற்கு என்ன செய்தார் என்று இதுவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பரிசு ஒரு முள்ளங்கிக்குப் போயிற்று. நடுவரின் மூக்கு மாதிரியே இருந்ததாம். பாய் கவலைப்படவில்லை. மேடையில் கத்தியை எடுத்தார். சேனலிலிருந்து வந்திருந்த ஒலியறை அம்மாள் ஒலிவாங்கியைக் காய்க்கு அருகில் பிடித்தார். பழக்கதோஷம், எல்லோரும் ஓர் அடி பின்னால் வைத்தார்கள். நானும் வைத்தேன். பாயின் மனைவி இரண்டடி வைத்தாள்.

கத்தி இறங்கியது. காய் பிளந்தது.

“விதை” என்றார் பாய். “அன்னிக்கே சொன்னேனே.”

முதலில் சிரித்தது அவர் மனைவி. பிறகு யார் யார் என்று எனக்குத் தெரியாது, என் கண்ணில் தண்ணீர் வந்து ஒன்றும் தெரியவில்லை.

வரிசை நீண்டது. செயலாளர் கடைசியில் நின்றார். அவருடைய முறை வந்தபோது, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தார் பாய்.

“காம்புப் பக்கம் சார். நீங்கதான முதல்ல சொல்லிவச்சீங்க?”

செயலாளர் தலை நிமிராமல், பச்சையாகவே சாப்பிட்டார். முடித்ததும் இன்னொன்று கேட்டார்.

என் மாமியார் தன் தலையளவுத் துண்டைத் தானே வாங்கிக்கொண்டு, மேடையின் மரப்படியில் இறங்கினார். டொக். டொக். டொக். கூட்டத்தில் இருந்த ஒரு கைக்குழந்தை அதற்குத் தாளம் போட்டது. பாய் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா இறங்குங்கம்மா. எங்களுக்காக எவ்ளோ படி இறங்கிட்டீங்க.”