ஏரிக்கரை லொட்ஜில் இடமில்லை

1984ஆம் ஆண்டு ஆனி மாதம் தொடங்கி, கிளடிஸ் தன் படுக்கையில் கிடந்தபடியே ஒவ்வோர் இரவும் வடக்கே ஓர் ஏரிக்கரை லொட்ஜில் தங்கிவிட்டு வந்தாள். விடியும்போது தலைமயிரில் பைன் இலைகள் சிக்கியிருக்கும், நைற்றியில் விறகுப் புகை மணக்கும். ரெக்ஸ்டேலில் அவள் இருந்த ஏழாம் மாடியில் கரண்ட் அடுப்புத்தான் என்பதால், இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. வேலைசெய்த பிஸ்கற் தொழிற்சாலைக் கலண்டரில் பார்த்த அதே மரவீடுதான். கடைசி அறையில் இருவர் படுக்கும் கட்டில் ஒன்று இருந்தது. புருஷன் பஸ்ரியனுக்கு இரவுக் காவல் வேலை. பகலில் அவன் தூங்க, இவள் வேலைக்குப் போய்விடுவாள். 83 கலவரத்துக்குப் பிறகு ஊரிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்திறங்கிய அவனுடைய ஆட்கள் எட்டுப் பேரும் அதே வீட்டில். கல்யாணம் கட்டி இருவரும் தனியாக ஓர் இரவு கண்டதில்லை. ஆகவே லொட்ஜில் அவள் ஒரு பக்கமாகவே படுத்தாள்; மற்றப் பக்கத்தில் அவனுக்கென்று கைப்பையை வைத்து இடம் பிடித்தாள். அவனையும் வரச் சொன்னாள். அடுத்த மாதம் லீவு கேட்டுப் பார்ப்பதாக அவன் சொன்னான்.

எங்கள் சனத்துக்கு ஒரு வியாதி உண்டு. நல்ல இடம் ஒன்றைப் பற்றிச் சொன்னால், கடைசியில் ஒரு அழைப்பையும் வைக்காமல் வாய் மூடாது. மச்சாள் வேரோனிக்கா பைன் இலையைக் கண்டு விசாரிக்க, கிளடிஸ் எல்லாம் சொல்லிவிட்டு, "நீங்களும் வாங்கோவன் மச்சாள்" என்றாள். அன்றிரவே வேரோனிக்கா புருஷனோடும் தலையணையோடும் லொட்ஜ் வாசலில் நின்றாள். அவள் தன் பங்குக்கு ஊரெல்லாம் அழைத்தாள். 1986இல் பதினேழு பேர். கணப்பு அடுப்பில் மீன் பொரித்தார்கள், ஏரிக்கரையில் சீட்டு விளையாடினார்கள், தேத்தண்ணி கிளடிஸ் போட்டாள். வாங்கோ என்ற வாயால் போங்கோ என்று சொல்ல அவளை யாரும் பழக்கவில்லை. பிறகு அவர்கள் நகரத்துக்கு வெளியே மார்க்கம், விட்பி என்ற ஊர்களில் வீடு வாங்கிப் போனார்கள். இரவானால் லொட்ஜுக்கு மட்டும் தவறாமல் வந்தார்கள். அந்த ஒரு கட்டிலை மட்டும் அவள் யாருக்கும் விடவில்லை.

1988இல் பஸ்ரியனுக்குப் பகல் வேலை கிடைத்தது. முதல் நாள் அவன் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டான். கிளடிஸ் சட்டிபானை கழுவி, அவனுக்கு மறுநாள் சோறும் கட்டிவைத்துவிட்டுப் படுத்து, அங்கே போய்ச் சேர்ந்தபோது லொட்ஜ் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னலால் பார்த்தாள். அவளுடைய கட்டிலில் பஸ்ரியன் நடுவில், மச்சான்மார் இரண்டு பக்கமும் குறட்டை. கைப்பை நிலத்தில் கிடந்தது. விடியும்வரை தட்டினாள். ஒருவரும் எழும்பவில்லை.

காலையில் பஸ்ரியன் கோப்பி குடித்தபடி, "நல்ல இடமப்பா. எல்லாரும் நிண்டவை. உம்மைத்தான் காணேல்லை" என்றான். கிளடிசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு வருடம் காத்த கட்டில். சோற்றுப் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் பனிக்கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டுதான் படுத்தாள். லொட்ஜ் விறாந்தையில் குளிர் அதிகம்.