அம்மா பிழிந்த வருடம்

பிரான்சின் டிஜோன் நகர ஏலக்கூடத்தில் ஒடீல் எண் அட்டையை உயர்த்தியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ரெமிக்கு முகம் சிவந்துவிட்டது. ஏலம் போனது அவர்களுடைய அப்பாவின் ஒயின். அவர் இறந்தபின் பாகம் பிரித்ததில் வீடு அவளுக்கும், நிலவறைச் சரக்கு அவனுக்கும் வந்திருந்தது.

"அக்கா, கையை இறக்கு. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

"நம்ம ஒயினை நீயே காசு குடுத்து வாங்கணுமா? என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன்டா. நீ சிரிச்ச."

அவன் தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

1983ஆம் வருடம் அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அந்த வருடத் திராட்சையைப் பறித்து, மிதித்து, பிழிந்து, பீப்பாயில் ஏற்றியது முழுக்க அம்மா அர்மாந்த். தடியூன்றி எழுந்துவந்த அப்பா, புட்டிகளில் தன் பெயரை ஒட்டினார். விற்றது போக எஞ்சிய ஆறு புட்டிகளையும் நிலவறையில் வைத்துப் பூட்டினார். அம்மா ஒரு மடக்குக் கேட்டதற்கு, விற்கிற சரக்கை வீட்டில் திறப்பதில்லை என்றார். அவள் பிறகு கேட்கவே இல்லை.

இப்போது ஏலத்துக்கு வந்திருந்த அந்த ஆறில் இரண்டு புட்டிகளில் ஒயின் மட்டம் இறங்கியிருக்கிறது, உள்ளே எப்படியிருக்கும் என்று சொல்வதற்கில்லை என்றார் ஏலக்காரர். பல கைகள் இறங்கின. ஜெனீவாவிலிருந்து தொலைபேசியில் விலை கேட்டவர் மட்டும் விடவில்லை. ஒடீல் தூக்கிய அட்டையை இறக்கவே இல்லை.

"மேடம், கை வலிக்கப் போகுது," என்றார் ஏலக்காரர். கூடம் சிரித்தது.

"வலிச்சா மாத்திக்குவேன்."

கூரை மாற்ற வைத்திருந்த பணம் கரைந்த பிறகுதான் ஏலச் சுத்தியல் விழுந்தது. புட்டிகள் அவளுடையவை.

அன்று மாலை அடுக்களையில் ஒடீல் ஒரு புட்டியைத் திறந்தபோது தக்கை பொடிந்து உள்ளே உதிர்ந்தது. காபி வடிகட்டும் துணியில் வடித்து, அம்மாவின் முன் வைத்தாள். அர்மாந்த் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்தாள். ஒரு மடக்கை வாயில் நெடுநேரம் வைத்திருந்தாள்.

"காம்பு வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. காம்பை முழுசா எடுக்காம அவசரப்பட்டுப் பிழிஞ்சுட்டேன்."

"நல்லா இருக்காம்மா, இல்லையா?"

 அர்மாந்த் மிச்சத்தையும் குடித்துவிட்டு, இன்னும் ஊற்று என்பதுபோல் வெற்றுக் கோப்பையை ஒடீலை நோக்கி நகர்த்தினாள்.

அப்போது மழையில் நனைந்த கோட்டோடு ரெமி உள்ளே வந்தான். யாரையும் பார்க்காமல் அலமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அர்மாந்த் புட்டியின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"நீ வண்டி ஓட்டணும்."

 ரெமி கார் சாவியைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, "இன்னைக்கு ஓட்டல," என்று மேஜையின் நடுவில் வைத்தான். ஈரச் சாவியிலிருந்து நீர் மேஜை விரிப்பில் பரவியது. அம்மாவின் கை இன்னும் புட்டியின்மேலேயே இருந்தது.