மூன்றாம் டேங்குக்குக் காற்று

சிட்ரிக் அமிலத் தொழிற்சாலையில் மூன்றாம் டேங்க் அவள் பொறுப்பு. மாடி உயரமுள்ள அந்தத் தொட்டியில், சர்க்கரை ஆலையில் மிஞ்சிய கழிவுப்பாகில் பூஞ்சை வளரும். கடுகு கடுகாய்த் திரண்டு, இனிப்பைத் தின்று புளிப்பைக் கக்கும். அதற்கு ஓயாமல் காற்று வேண்டும். காற்றை அனுப்பும் கம்ப்ரசருக்கு மெக்கானிக் அவள் கணவன்.

அன்று இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முந்தின நாள் விருந்தில், "என் பொண்டாட்டி பூசணத்துக்கு ஆயா வேலை பாக்கறா" என்று அவன் சொல்ல, அவன் சித்தப்பா முதல் சொந்தபந்தமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரசர் சட்டென்று நின்றது. அழுத்தமானியின் முள் சரிந்தது. கொஞ்ச நேரம் மூச்சு முட்டினாலே போதும். பூஞ்சை பிழைத்தாலும் அமிலம் சுரப்பதை மறந்துவிடும். காற்று வெளியேறும் வால்வை ஓடிப்போய் மூடினாள்; உள்ளே அழுத்தம் நின்றால்தான் வெளிக்கிருமி நுழையாது. குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்தாள். உடம்பு குளிர்ந்தால் பூஞ்சைக்கு மூச்சும் குறைவாகத் தேவைப்படும். பிறகுதான் ஃபோனை எடுத்தாள்.

"மெக்கானிக் இருக்காரா?"

"மெக்கானிக்தான் பேசறேன். பெல்ட் அறுந்திடுச்சு, மாத்திட்டிருக்கேன். நீ தாங்குவியா?"

"நான் தாங்குவேன், அதுங்க தாங்காது. வாயை மூடிட்டு கையை ஓட்டுங்க."

"சரிங்க மேடம்."

கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சற்று நேரத்தில் குழாய்களில் உஸ்ஸென்று காற்று ஏறியது.

மாலையில் ஆய்வகத்துப் பெண் மாதிரியைச் சோதித்துவிட்டு ஓடி வந்தாள். "அக்கா, அமிலம் ஏறிக்கிட்டேதான் இருக்கு!"

மேலாளர் மெக்கானிக்கின் தோளைத் தட்டினார். "நல்லவேளை, மளமளன்னு முடிச்சீங்க."

"பெல்ட்டை யார் வேணா மாட்டலாம் சார்," என்றான் அவன், எல்லோர் காதிலும் விழும்படி. "காத்தே இல்லாம டேங்கைக் காப்பாத்தினது இவங்க. என் வீட்டுக்காரி."

அவள் முகம் சிவந்தது. தலையைக் குனியவில்லை.

"இதை உங்க சித்தப்பா முன்னாடியும் சொல்லணும்," என்றாள் தாழ்ந்த குரலில்.

"இப்பவே சொல்றேன்." அங்கேயே நின்று சித்தப்பாவை அழைத்தான்.

அந்த வாரக் கடைசியில் மூன்றாம் டேங்கின் அமிலம் உலர்த்தும் எந்திரத்திலிருந்து வெள்ளை வெளேரென்று தூளாகக் கொட்டியது. அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தும் கையுறையைக் கழற்றாமல், கடைசி மூட்டை லாரியில் ஏறும்வரை நின்று பார்த்தாள்.