கடுகு வெடிக்காத தெரு

1957ஆம் ஆண்டு வைகாசி மாதம், திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு தெருவில் மட்டும் பதினோரு நாள் கடுகு வெடிக்கவில்லை. எண்ணெய் காய்ந்து புகைந்தது. போட்ட கடுகு சட்டியின் அடியில் போய் மணல்போலப் படுத்துக்கொண்டது. மளிகைக் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தவர்கள் உண்டு. கடைக்காரர் அதே கடுகை அடுத்த தெருவில் ஒரு வீட்டு அடுப்பில் போட்டுக் காட்டினார், படபடவென்று வெடித்தது. அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. சமையற்காரர் நல்லுசாமியின் ஐந்து வயது மகள் பொன்னழகுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. ஆத்தா இந்த முறை அதைத் தெரு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள் என்று எல்லோரும் கஞ்சிக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் ஒரே ஒரு பகல் மட்டும் கடுகு வெடித்தது. அது நல்லுசாமி செய்த கூத்து.

நல்லுசாமியின் தாளிப்புக்கு நிலக்கோட்டையிலிருந்து வடமதுரை வரை பெயர் இருந்தது. பந்தலில் உட்கார்ந்து பாக்கை மென்றுகொண்டிருப்பவர்கள் அவர் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டதும் இலை போடச் சொல்லாமலே எழுந்து வருவார்கள். முகூர்த்த மாதங்களில் அவர் வீட்டில் தூங்கியது விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். பொன்னழகுக்கு அப்பா என்றால் முக்கால்வாசி பெருங்காய வாசம், கால்வாசிதான் ஆள்.

அம்மை கண்ட அன்றே அவர் மனைவி ராமுத்தாய் வாசலில் வேப்பிலை செருகி, மகளுக்கு வேப்பிலையில் படுக்கை விரித்து, எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். உடம்பில் ஆத்தா இருக்கும்வரை பிள்ளையை ஒரு சொல் கடிந்து பேச முடியாது, கேட்டதை இல்லையென்று சொல்லவும் முடியாது. இந்த நுணுக்கம் பொன்னழகுக்கு அரை நாளில் பிடிபட்டுவிட்டது. நுங்கு கேட்டாள், வந்தது. இளநீர் கேட்டாள், வந்தது. மூன்றாவதாக, "அப்பாதேன் வீசணும், வேற ஆரும் வீசக்கூடாது" என்றாள். நானூறு பேருக்குச் சாம்பார் கிண்டிய கை இரண்டு நாள் வேப்பங்கொத்தை வீசி ஓய்ந்துபோனது. ஆனாலும் அந்த இரண்டு நாளைப்போல் நல்லுசாமி அதற்கு முன்னால் சந்தோஷமாக இருந்ததில்லை. மகளுக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் வடமதுரையில் உடையப்பன் வீட்டுக் கல்யாணச் சமையல். மாசியிலேயே வெற்றிலை பாக்கு வாங்கியாகிவிட்டது. அம்மை வீட்டு ஆள் கல்யாண வீட்டில் காலை வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். உடையப்பனிடம் சொல்லாமல் இருந்துவிட்டால் போச்சு என்று நினைத்தார். அதையாவது மன்னிக்கலாம். கரண்டி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, பழக்க தோஷத்தில், "போயிட்டு வாரேன் பாப்பா, வெரசா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டார். அம்மை வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. கொல்லைப்பக்கம் போகிறவர்போலச் சத்தமில்லாமல் போய்விட வேண்டும். சொல்லிக்கொண்டால், உள்ளே இருக்கும் ஆத்தா தன்னையும் கூப்பிடுவதாக எண்ணிக் கூடவே கிளம்பிவிடுவாள். ராமுத்தாய் அப்போது கொல்லையில் இருந்ததால் இது அவள் காதில் விழவில்லை.

பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். நல்லுசாமியின் பக்கத்து இருக்கை மட்டும் வடமதுரை வரை காலியாகவே வந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்களில் ஒருவருக்கும் அதில் உட்காரத் தோன்றவில்லை. கண்டக்டர் மூன்று தடவை தலை எண்ணினார், மூன்று தடவையும் ஒரு தலை கூடுதலாக வந்தது. கத்திரி வெயிலில் பஸ்ஸுக்குள் ஈர வேப்பிலைக் காற்று அடித்தது. டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

கல்யாண வீட்டில் ராத்திரி விருந்துக்காக மதியமே அண்டாவில் எண்ணெய் காய்ந்தது. நல்லுசாமி கடுகை அள்ளிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒரு கடுகுகூட வாய் திறக்கவில்லை. கையுதவிக்கு வந்திருந்த பேச்சிமுத்து விறகைத் தள்ளித் தள்ளித் தீயை ஏற்றினான். எண்ணெய் கறுத்தது, கடுகு அசையவில்லை.

உடையப்பன் எட்டிப் பார்த்து, "என்ன சமையக்காரரே, தாளிப்பு வாசத்தையே காணோம்?" என்றார்.

"மாப்பிள்ளை வீட்டாளுக வந்து எறங்கட்டும்ணே, அப்புறம் பாருங்க" என்று நல்லுசாமி வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார்.

மூன்று மணி பஸ்ஸில் பக்கத்து வீட்டுச் செபாஸ்தியம்மாள் வந்து இறங்கினாள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் அம்மை விஷயத்தில் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டம், அதை அவளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. நேரே அண்டா ஏற்றியிருந்த கோட்டை அடுப்புக்கு வந்தாள்.

"எப்பா நல்லுசாமி, காலையில சொல்லிக்கிட்டா கெளம்புன?"

"ஆமாக்கா, பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை..."

"கெடுத்த போ! காலையிலருந்து தெருவுல அம்புட்டு வீட்டுலயும் கடுகு வெடிக்குது. பிள்ளைக்கு அம்மை முத்து இடுப்போட நின்னுபோச்சு. காய்ச்சல் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. கண்ணையே தெறக்க மாட்டேங்குது. ஆத்தா ஒங்கூட வந்து இங்க கல்யாணம் பாத்துக்கிட்டு இருக்கா."

பாதியில் நின்ற அம்மை உள்ளே தங்கினால் என்ன ஆகும் என்று நல்லுசாமிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தாவைத் திரும்பக் கூட்டிப்போக ஒரே வழி, அவர் கிளம்புவதுதான். இங்கேயும் யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் உடையப்பன் விட மாட்டார். விட்டாலும், விடைபெறும் சொல்லைக் கேட்டு அவள் இன்னும் எங்கே கிளம்புவாளோ! கல்யாணச் சமையலைப் பாதியில் போட்டுவிட்டுச் சொல்லாமல் ஓடியவனுக்கு அந்தச் சீமையில் இனி ஒருவரும் வெற்றிலை பாக்கு வைக்க மாட்டார்கள். இருபது வருஷப் பெயர். நல்லுசாமி காய்ந்த அண்டாவை ஒரு தடவை பார்த்தார். காதுக்குப் பின்னால் இருந்த அந்த மச்சம் நினைவுக்கு வந்தது. கரண்டியை அண்டாவின்மேல் குறுக்கே வைத்துவிட்டு, தண்ணீர்ப் பானைப் பக்கம் போகிறவர்போலப் பின்பக்கமாக நடந்தார். செபாஸ்தியம்மாளும் வாயைத் திறக்காமல் பின்னால் வந்தாள். திரும்பும் பஸ்ஸிலும் அவருக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. செபாஸ்தியம்மாளே நின்றுகொண்டுதான் வந்தாள்.

அந்த பஸ் வடமதுரை எல்லையைத் தாண்டிய நேரத்தில், தீ அணைந்து ஆறிப்போயிருந்த அண்டாவில் மதியம் போட்ட கடுகு மொத்தமும் ஒரே மூச்சில் வெடித்தது. பந்தலில் இருந்தவர்கள் வேட்டு என்று நினைத்து எழுந்து நின்றார்கள். ஓடிவந்த உடையப்பனிடம் பேச்சிமுத்து உள்ளதைச் சொன்னான். உடையப்பன் அண்டாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, "கூப்பிடாமலே ஆத்தா எம் மக கல்யாணத்துக்கு வந்துட்டுப் போயிருக்கா. இதுக்கு மேல எனக்கு என்னப்பா வேணும்? நீ கரண்டியப் பிடி" என்று சொல்லிவிட்டு, பந்தல்காலில் வேப்பங்கொத்தைக் கட்டச் சொன்னார். நல்லுசாமிக்கு இது மறு வாரம்தான் தெரிய வந்தது.

நாகல் நகரில் அவர் தெருவுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு வீட்டுச் சட்டியாகக் கடுகு வாயை மூடிக்கொண்டது. வீட்டுக்குள் பொன்னழகு கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டியாப்பா? கூட வந்தவுகள உக்காரச் சொல்லு."

ராமுத்தாய் மணையை எடுத்துப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் முத்து இடுப்பைத் தாண்டி முழங்காலுக்கு இறங்கியது. நல்லுசாமி வேப்பங்கொத்தை எடுத்து வீச உட்கார்ந்தவர், பிறகு எட்டு நாள் தெருப்படி இறங்கவில்லை. அந்த எட்டு நாளில் பிள்ளை அவருக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்து, எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தது. ஆத்தாவிடம் தோற்பதில் அவமானம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாலும், இரண்டு தடவை அவர் முகம் சுருங்கியதை ராமுத்தாய் பார்த்தாள். பதினோராம் நாள், வெயிலில் வைத்த மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரை மூன்றாம் முறையாகத் தலைக்கு ஊற்றியதும், பொன்னழகு வாசலைப் பார்த்துக் கையை ஆட்டி, "போயிட்டு வாங்க" என்றாள். ராமுத்தாய் பதறி அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் தெருக்கோடி வரை கடுகு வெடித்தது.

'வாங்க' என்று பிள்ளை கூப்பிட்டதால் ஆத்தா வருஷா வருஷம் வந்தாள். அம்மையாக வரவில்லை. வைகாசியில் ஏதாவது ஒரு நாள் அந்தத் தெருவில் கடுகு வெடிக்காது. அன்றைக்கு எல்லோரும் தயிர் சோறு பிசைந்துகொள்வார்கள். நல்லுசாமி எந்தப் பெரிய கல்யாணமாக இருந்தாலும் பேச்சிமுத்துவை அனுப்பிவிட்டு, வீட்டில் ஒரு இலை கூடுதலாகப் போட்டு, மகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாத பழக்கம் அவரிடம் நிலைத்துவிட்டது. திமிர் பிடித்தவர் என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

1969ஆம் ஆண்டு பொன்னழகு ஆசிரியப் பயிற்சிக்காக நிலக்கோட்டையில் விடுதியில் தங்கியிருந்தாள். அந்த வைகாசியில் ஒரு நாள்கூட நாகல் நகரில் கடுகு வெடிக்காமல் இல்லை. நல்லுசாமி தினமும் சட்டி முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது வெடித்துத் தொலைத்தது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மல்லிகைப்பூ ஏற்றி வந்த வேன்காரர் அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, நிலக்கோட்டை விடுதியில் காலையிலிருந்து கடுகு வெடிக்கவில்லை, பிள்ளைகளெல்லாம் தயிர் சோறு தின்கிறார்கள் என்று சொல்லிப் போனார். நல்லுசாமி அடுப்பை அணைத்தார். வாழை இலை மூன்றை நறுக்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ராமுத்தாயிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினார்.