டிஸ்க் காப்பி ஆகும் நேரம்

“நான்தான் சின்னவன் பேசறேன். வயசு இருபத்தஞ்சு. மூணாவது பிளாக், கடைசி ரூம். டிஸ்க் ரெடியா?”

சாப்பாட்டுக்கூடத்தின் மூலையில் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்த டேப்லெட்டிடம் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். இந்த வெளிநாட்டு ஆலை வளாகத்துக்குள் சொந்தக் கைபேசி கூடாது. வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். நிர்வாகம் பெரிய மனது பண்ணி வைத்திருக்கும் இந்த ஒரு டேப்லெட்டில் எழுத்து மட்டும் போகும், வரும். படமோ குரலோ போகாது. வாய்விட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். நாலு அறைக்கும் ஒரே கணக்கு என்பதால் பேரும் வயசும் அறையும் சொல்லாமல் பேசினால் குழப்பம்தான். ஒருமுறை கிரேன்காரர் தன் மனைவிமேல் காட்டிய கோபம் சமையல்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அந்த அம்மாள் ஒரு வாரம் புருஷனோடு பேசாமல் இருந்தார். அறையிலேயே இளையவன் என்பதால் இவனுக்கு வந்த பேர் சின்னவன். இப்போது வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

பதில் வந்தது. மனைவிதான்.

“ரெடி இல்லைங்க. காலையில இருந்து எறும்பு ஊர்ற மாதிரி ஊருது. முதல்ல நாலு மணி நேரம் ஆகும்னு காட்டுச்சு. கொஞ்சம் பொறுத்துப் பாத்தா அஞ்சு மணி நேரம்னு காட்டுது.”

“அது என்னடா, போகப் போக தூரம் கூடுது?” என்றார் தட்டோடு பின்னால் நின்ற கிரேன்காரர்.

சின்னவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கிளம்பும்போது மகள் குட்டி குப்புற விழக்கூடக் கற்றிருக்கவில்லை. இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாளாம். அத்தனை மாதத்தையும் மனைவி பழைய கேமராவில் எடுத்து வைத்திருந்தாள். கேமராவை இரவல் கொடுத்த ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டார். அதற்கு ஒரு நகல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. விடுப்பில் போயிருக்கும் வெல்டர் அண்ணன் நாளைக் காலையில் வீட்டுக்கே வந்து நகலை வாங்கிக்கொண்டு அப்படியே விமானம் ஏறிவிடுவார். அவரை விட்டால் அடுத்து ஊர்ப்பக்கம் போகிறவர் யாருமில்லை. பென் டிரைவ் கொண்டுவந்தால் வாசலில் பிடுங்கிக்கொள்வார்கள். டிஸ்க் என்றால் சினிமா என்று நினைத்துக் காவலாளி விட்டுவிடுவார். பார்த்துவிட்டுத் தனக்கும் ஒரு நாள் தரச் சொல்லுவார், அதோடு சரி. அறையில் டிவியும் டிஸ்க் ஓட்டும் பெட்டியும் தயாராக இருந்தன. இனி குட்டி வரவேண்டியதுதான் பாக்கி.

அந்த வீட்டுக் கம்ப்யூட்டரின் நாடி அவனுக்குத் தெரியும். பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தபோது, அங்கே கழித்துக்கட்டியதை அவனே தூக்கிக்கொண்டு வந்து ஒட்டுப்போட்டு வைத்தது அது.

“முதல்ல டிஸ்க்க வெளிய எடும்மா. அடிப்பக்கம் அழுக்கு இருக்கா பாரு. இருந்தா மெத்துனு ஒரு துணியால நடுவுல இருந்து ஓரத்துக்குத் துடை. வட்டமாத் துடைக்காத.”

“இருக்குங்க. குட்டி கைதான். அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு. துடைச்சிடவா?”

அவன் வாயைத் திறந்தான். டேப்லெட் காத்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற யாரோ செருமினார்கள். அதையும் எழுதப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

“துடை.”

துடைத்தும் ஊர்வது ஊர்ந்தபடியே இருந்தது. பாதியில் கதவைத் திறந்து டிஸ்க்கை எடுத்ததில் அந்த நகலும் பாழ். வெறும் டிஸ்க் இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்றாள். இனிமேல் நேராக டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்குப் போகக் கூடாது, முதலில் கம்ப்யூட்டருக்குள் இறக்கு, அங்கிருந்து எழுது என்றான். இடம் போதவில்லை என்று காட்டினால் அவன் சேர்த்து வைத்த சினிமாவையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னான். எழுதுகிற வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னான்.

“இருக்கிற வேகமே பத்தலைங்கறேன். இன்னும் குறைக்கச் சொல்றீங்களே.”

“வேகமா எழுதினா கடைசியில புட்டுக்கும்மா. இருக்கிறது ஒரே டிஸ்க். எழுதறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லு.”

அவன் அனுப்புவதை அவள் வீட்டுக் கூடத்தில் நின்றபடி சத்தமாகப் படிப்பது வழக்கம். அம்மா கேட்பாள். பக்கத்து வீட்டு அக்கா இருந்தால் அவளும் கேட்பாள். அப்பா மட்டும் கேட்காத மாதிரி பேப்பரைப் புரட்டுவார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். மகன் போகவேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார்; கேட்கவில்லை என்றதும் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து இவனுக்கு வந்ததெல்லாம் “மாமா உடம்பப் பாத்துக்கச் சொன்னார்” என்ற மனைவியின் வரி மட்டும்தான். அதைக்கூட அவர் சொன்னாரா, இவளே சேர்த்துக்கொண்டாளா என்று அவனுக்குச் சந்தேகம் உண்டு.

அரை மணி கழித்து, “இறக்கறதே ஊருது” என்று வந்தது. அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது.

“டிஸ்க்கப் படிக்க முடியாம ரெண்டு மூணு தடவ திணறினா அந்தக் கம்ப்யூட்டர் பயந்துக்கிட்டு, தானே மெதுவா படிக்கற வழிக்கு மாறிக்கும். அழுக்கத் துடைச்சாலும் பழைய வேகத்துக்குத் திரும்பாது. நான் சொல்றதத் தப்பில்லாமச் செய்.”

எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த வரியை அழுத்த வேண்டும், எதை நீக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். கண்ணை மூடினால் மேசை, அதன் மேலிருந்த ஈரத் தம்ளரின் வளையம், மவுஸுக்கு அடியில் மடித்து வைத்த காலண்டர் அட்டை எல்லாம் தெரிந்தன.

“என்னங்க, பறக்குது.”

சாப்பாட்டுக்கூடத்தில் நாலு பேர் கை தட்டினார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி.

“நான் வேலைக்குப் போறேன். முடியறவரைக்கும் யாராவது பக்கத்துல இருங்க. திரை அணைஞ்சா அதுவும் தூங்கிடும். அப்பப்ப மவுஸ ஆட்டிவிடணும்.”

“எனக்கு அடுப்புல வேலை இருக்கு. மாமா உக்காந்துக்கறாராம்.”

வேலை முடிந்து, கையுறையைக் கழற்றாமலேயே வந்து பார்த்தான். வரிசையாக மனைவியின் வரிகள். மறுபடி ஊர்கிறதாம். அவள் வந்து உட்கார்ந்தால் ஓடுகிறதாம், குட்டிக்குச் சோறு ஊட்டப் போனால் படுத்துவிடுகிறதாம். “நீங்க ஏதாவது தொட்டீங்களா மாமான்னு கேட்டேன். நான் எதுக்குத் தொடறேன், ஏத்தத்துல பஸ்ஸும் இப்படித்தான் போகும்னு சொல்றார்.”

“ஆளப் பாத்து ஓடற கம்ப்யூட்டரா இருக்கே,” என்றார் கிரேன்காரர். “எங்க சூப்பர்வைசர் இல்லாதப்ப நான் ஓட்டற மாதிரி.”

சின்னவனுக்குப் பொறுமை போய்விட்டது. “நாளைக்குக் காலையில அண்ணன் வந்து நிப்பார். விளையாடறீங்களா எல்லாரும்? திரையில வேற என்ன திறந்திருக்குன்னு பாக்க மாட்டியா?”

வரிசையில் பின்னால் நின்ற இருவரை முன்னே விட்டான். பிறகு வந்தது.

“கோவப்படாதீங்க. இத நான் படிச்சுக் காட்டல, சமையல்கட்டுல இருந்து எழுதறேன். சத்தம் போடாம வந்து பின்னாடி நின்னு பாத்தேன். அந்த டிஸ்க்கோட ஆரம்பத்துல நீங்க இருக்கீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்குடுத்தீங்கள்ல, அது. மாமா அதத்தான் ஓட்டிப் பாத்துட்டு இருக்கார். முடிஞ்சதும் திரும்ப முதல்ல இருந்து. நாங்க கேட்டுடுவோம்னு சவுண்ட சுத்தமா அடைச்சு வச்சிருக்கார். நான் வர்ற சத்தம் கேட்டா மூடிடறார் போல. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் என்னை மாட்டிவிடாதீங்க.”

அவன் அதை இரண்டு முறை படித்தான். கோளாறு இப்போது வெட்டவெளிச்சம். டிஸ்க்கைப் படிக்க உள்ளே இருப்பது ஒரே ஒரு கண். ஒரு பக்கம் குட்டி நடப்பதைப் படித்துக் கம்ப்யூட்டருக்குள் இறக்க வேண்டும். இன்னொரு பக்கம் அப்பாவுக்காக ஆரம்பத்துக்கே ஓடி வர வேண்டும். அங்கும் இங்கும் அல்லாடினால் எந்த டிஸ்க்தான் நகரும்? பக்கத்தில் ஆளை உட்காரச் சொன்னவனும் அவனேதான்.

அந்தப் படத்தில் உருப்படியாக ஒன்றுமில்லை என்பது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்து, ஆட்டாமல் பிடி, பேட்டரி சூடானால் கழற்றி வை. வேறொன்றும் அவன் பேசவில்லை. அதைப் போய் வாயசைவு மட்டும் தெரிய, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒருவர் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“பேசுடா, பின்னாடி ஆள் நிக்குது,” என்றார் கிரேன்காரர். அவரும் திரையைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவர்களைக் கையால் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டார்.

சின்னவன் டேப்லெட்டின் பக்கம் குனிந்தான். குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. அது எப்படியோ எழுதிக்கொண்டது.

“அப்பா, அது ஊர்ற வேகத்த வச்சே கண்டுபிடிச்சுட்டேன். டிஸ்க் இறங்கற வரைக்கும் மட்டும் வேற எதையும் திறக்க வேணாம்பா. ரெண்டு வேலைய அதால ஒண்ணாப் பாக்க முடியாது. அரை மணி நேரத்துல இறங்கிடும். நகல் வெல்டர் அண்ணனோட வரட்டும். ஸ்டூடியோக்காரர் குடுத்த டிஸ்க் உங்ககிட்டயே இருக்கட்டும். அப்புறம் எத்தனை தடவ வேணாலும் பாருங்க. சவுண்டு வச்சே பாருங்கப்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் நல்லா இருக்கேன். சாப்பாடு பரவாயில்ல. ஊருக்கு வரணும்போல இருக்கு.”

அனுப்பும் முன் ஒரு கணம் யோசித்து, மேலே இன்னொரு வரி சேர்த்தான்.

“இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சத்தமாப் படிக்க வேணாம். அப்பா கண்ணாடி போட்டிருக்காரான்னு பாத்து, செல்போன அவர் கையில குடுத்துட்டு, கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போயிடுங்க.”